நடுவில் மங்கும் கண்ணாடி

ஜூலை மூன்றாவது வாரத்தில் டெல்மர் ஸ்கார், துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கிற தூரக்கண்ணாடியான ஸ்கோப் இரண்டாவதையும் திருப்பிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். பெட்டிக்குள் பஞ்சு, பிளாஸ்டிக் உறை, யாரும் படிக்காத காகிதக் கத்தை எல்லாம் விற்றபோது இருந்த மாதிரியே இருந்தன. குழாயை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தேன். துப்பாக்கியில் மாட்டியிருந்தால் வளையம் பிடித்த தடம் மயிரிழை அளவாவது தெரியும். தடம் இருந்தால் திருப்பி எடுக்கக் கூடாது என்பது கடையின் விதி. இதில் தடமே இல்லை. ஒரு மாதம் வீட்டில் வைத்திருந்தவன் அதைத் துப்பாக்கிமேல் ஏற்றக்கூட இல்லை.

"இதுல என்ன குறை?" என்றேன்.

"நடுவுல மங்கலா இருக்கு."

"ஓரத்துலயா?"

"ஓரம் நல்லாத்தான் இருக்கு. நடுவுலன்னுதானே சொல்றேன்."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இந்தத் துப்பாக்கிக் கடையில், இந்த மேசைக்குப் பின்னால் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன். அதற்கு முன்னால் மின்கம்பம் ஏறிக்கொண்டிருந்தேன். விலை குறைந்த ஸ்கோப் என்றால் ஓரம்தான் மங்கும். எவ்வளவு மட்டமான கண்ணாடியாக இருந்தாலும் நடுவில் கொஞ்சம் தெளிவு வைத்துத்தான் செய்வார்கள், விற்க வேண்டுமே. நடுவில் மட்டும் மங்கும் ஸ்கோப்பை இதுவரை எந்தப் புண்ணியவானும் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று டெல்மர் சொன்னதை நான் அப்படிக் கேட்கவில்லை. வேண்டுமென்றே குற்றம் கண்டுபிடிக்கிறான் என்று நினைத்தேன். எனக்கு அவன்மேல் ஏற்கெனவே ஒரு எரிச்சல் இருந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பெருங்கொம்புக் கிடா என்கிற காட்டுச் செம்மறியைச் சுட எங்கள் மாநிலத்தில் குலுக்கல் முறையில்தான் அனுமதிச் சீட்டுக் கொடுப்பார்கள். எங்கள் பகுதிக்கு வருடத்துக்குச் சில சீட்டுகள்தான், கேட்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். ஒருவனுக்கு விழுந்தால் அது ஆயுளுக்கு ஒரு தடவை என்றே வைத்துக்கொள்ளலாம். டெல்மரும் நானும் இருபத்து மூன்று வருடமாக ஒரே நாளில் விண்ணப்பம் போட்டுவந்தோம். முதலில் தபாலில் போட்டோம், பிறகு கணினி வந்தது. அவனுக்குத் தட்டச்சு வராது. ஏப்ரல் கடைசியில் அவன் கடைக்கு வருவான். நான் முதலில் அவனுடையதை அடித்துவிட்டு அப்புறம் என்னுடையதை அடிப்பேன். இந்த வருடமும் அப்படித்தான். ஜூன் மாதம் அவனுக்கு விழுந்தது, எனக்கு விழவில்லை. என் விரலால் அடித்த விண்ணப்பம். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது சுத்தப் பொய். மூன்று நாள் நான் யாருடனும் சரியாகப் பேசவில்லை.

அவனுக்கு அறுபத்தேழு வயது. பாசன வாய்க்காலில் மடை திறந்து மூடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஊரிலிருந்து முப்பது மைல் தெற்கே வீடு. முட்டி இரண்டும் போய்விட்டன. மாடிப்படியைக்கூடப் பக்கவாட்டில்தான் இறங்குவான். கிடாக்கள் வாழ்கிற இடமோ ஆற்றங்கரைக் களிமண் மேடுகள். ஒரு மேட்டில் நாம் நின்றால் அடுத்த மேட்டில் அது நிற்கும், நடுவில் ஒரு பெரும் பள்ளம். முட்டி உள்ளவன் பள்ளத்தில் இறங்கி ஏறிக் கிட்டே போவான். முட்டி இல்லாதவன் இருந்த இடத்திலிருந்தே ஐந்நூறு, அறுநூறு கஜத்துக்குச் சுட வழி தேடுவான். அந்த வழியைத்தான் டெல்மர் என்னிடம் கேட்டு வந்தான், கையில் நானூறு டாலரோடு.

நானூறு டாலருக்கு ஸ்கோப் கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். அந்தப் பணத்துக்கு நல்ல கண்ணாடி வாங்கலாம், இல்லையென்றால் குறியைச் சரிசெய்கிற திருகு நிறைய வாங்கலாம், இரண்டும் கிடைக்காது. இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கம், சிவப்பு விளக்கு, நாலு பக்கமும் திருகு என்று அந்த விலைக்கு ஒன்று வருகிறது. இணையத்தில் வீடியோ பார்த்துவிட்டு வருகிற பையன்கள் அதைத்தான் கேட்பார்கள். அந்தி வெளிச்சத்தில் இருபத்தைந்துக்குத் திருகினால் அதற்குள் சேற்றுத் தண்ணீர்தான் தெரியும். அனுபவசாலியான டெல்மரும் ஜூனில் வந்து அதையே கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"உனக்கு எதுக்குப்பா இருபத்தஞ்சு? இவ்வளவு நாளும் நாலு மடங்கை வச்சே மானும் பெரிய எல்க் மானும் அடிச்சவன் நீ."

"பெருசாத் தெரிஞ்சா நல்லதுதானே."

"பெருசாத் தெரியும். இருட்டாவும் தெரியும்."

"எடு, வெர்ன். பேசாம எடு" என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அது திரும்பி வந்தது. உள்ளே குறிபார்க்கிற குறுக்குக் கோடு வளைந்திருக்கிறது என்றான். மரத் தாங்கியில் வைத்துச் சுவரில் ஒட்டியிருந்த கட்டத்தாளோடு ஒத்துப் பார்த்தேன், நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. எதிரே நிற்பவன் வளைந்திருக்கிறது என்று சாதித்தால் என்ன செய்வது? பதினாறு மடங்கில் இன்னொன்று கொடுத்தேன். அதுதான் ஜூலையில் 'நடுவில் மங்கல்' என்று வந்த பெட்டி. அதையும் வாங்கி வைத்துக்கொண்டு, செப்டம்பரில் புதுச் சரக்கு வரும், அப்போது வா என்று அனுப்பிவிட்டேன். அவன் வெளியே போய்ப் தன் பிக்கப் வண்டியில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டான். ஓட்டும் இருக்கையில் அவன் மனைவி இனேஸ் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். டெல்மர் தன் வண்டியை அடுத்தவர் கையில் கொடுக்கிற ஆளே இல்லை. அதையும் பார்த்தேன், பார்த்ததோடு சரி.

செப்டம்பர் இரண்டாம் வாரம், கடை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அவன் மறுபடி வந்தான். கிடா வேட்டை தொடங்க நாலு நாள்தான் இருந்தது. ஆனால் அவன் அக்டோபரில்தான் போகப்போவதாகச் சொல்லியிருந்தான், வெயில் தணிந்தபிறகு. நான் மூன்று ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு, "வா, பின்னால போயிடுவோம்" என்றேன். கடைக்குப் பின்னால் சரக்கு இறக்கும் மேடை இருக்கிறது. அங்கிருந்து வடக்கே ஒன்றேகால் மைலில் இரயில் பாதையோரம் தானியம் சேமிக்கும் கோபுரம். அதன் தென்சுவரில் ஆளுயர எழுத்தில் முதலாளி பெயர் இருக்கும். வெறும் கண்ணுக்கு நீலத் தீற்றலாகத்தான் தெரியும். எங்கள் ஊரில் எவனும் ஸ்கோப்பைக் கடைக்குள் பார்த்து வாங்க மாட்டான். சூரியன் இறங்குகிற நேரம் அந்த மேடைக்கு வந்து, மணல் மூட்டைமேல் வைத்து, கோபுரத்தைப் படித்துப் பார்த்துத்தான் வாங்குவான். என் அப்பாவும் அங்கேதான் படித்தார். டெல்மரே அங்கே ஏழெட்டுத் தடவை படித்திருப்பான்.

மணல் மூட்டையைத் தட்டிக் குழி செய்து மூன்று ஸ்கோப்பில் நல்லதை முதலில் வைத்தேன். மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு, திருகு கிருகு எதுவும் இல்லை, முந்நூற்று இருபது டாலர். என்னைக் கேட்டால் அந்த விலைக்கு அதைவிடத் தெளிவான கண்ணாடி கிடையாது. முதலில் நான் குனிந்து பார்த்தேன். கோபுரத்து ஏணியின் படிகளை எண்ணலாம் போல இருந்தது. நகர்ந்து அவனுக்கு இடம் விட்டேன். அவன் வலது கன்னத்தை மூட்டைமேல் சாய்த்துக் கண்ணை வைத்தான். வெகு நேரம் பார்த்தான். முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினான், வலப்பக்கம் நகர்த்தினான்.

"எப்படி இருக்கு?"

"இது நல்லா இருக்குப்பா. இதுதான் சரி. எழுத்து பளிச்சுன்னு இருக்கு."

"படி பாப்போம்" என்றேன். யாரிடமும் அப்படிக் கேட்பதுதான் வழக்கம், வேறு எண்ணம் எதுவும் இல்லை.

"ஹௌகன் பிரதர்ஸ்" என்றான் டெல்மர். "கீழ தானியம், விதைன்னு போட்டிருக்கு."

ஹௌகன் சகோதரர்கள் வசந்த காலத்திலேயே அந்தக் கோபுரத்தை விற்றுவிட்டார்கள். ஆகஸ்டில் ஒருவன் கயிற்றுப் பலகையில் தொங்கிக்கொண்டு ஒன்பது நாள் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்து, அதே நீலத்தில் புதிய பெயரை எழுதிவிட்டுப் போனான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்த மேடையில் உட்கார்ந்து நான் தினமும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெற்கே முப்பது மைலில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த டெல்மருக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. நாற்பது வருடம் அங்கே இருந்த பெயரைத்தான் அவன் எனக்குப் படித்துக் காட்டினான்.

வளைந்த கோடு, நடுவில் மங்கல், ஓட்டும் இருக்கையில் இனேஸ் என்று எல்லாம் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தன. ஸ்கோப் மூன்றிலும் குறை இல்லை. குறை இருந்த இடம் வேறு. அந்த நிமிடம் எனக்குள் என்னவெல்லாம் ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் வந்தது இரக்கம் இல்லை. இருபத்து மூன்று வருடம் காத்த சீட்டு இவன் கையில் வீணாகப் போகிறதே என்றுதான் நினைத்தேன். அவன் போகாவிட்டால் அது எனக்கு வந்துவிடாது, யாருக்கும் மாற்ற முடியாத சீட்டு. அது தெரிந்தும் நினைத்தேன். அப்புறம் இன்னொன்று நினைத்தேன். பேசாமல் விற்றுவிட்டால் இவன் இதை மாட்டிக்கொண்டு போவான். பார்க்க முடியாத ஒன்றை நினைவில் வைத்துச் சுடுவான். குண்டு கிடாவின் வயிற்றில் பாயும், அது எங்கேயோ களிமண் மடிப்பில் போய் மூன்று நாள் கிடந்து சாகும். டெல்மர் அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவே மாட்டான். முப்பது வருடம் அவனோடு மலையேறியவன் நான், எனக்குத் தெரியும்.

"டெல்மர், இடது கண்ணால பாரு" என்றேன்.

அவன் அசையவில்லை. கன்னம் மூட்டைமேல் சாய்ந்தபடியே இருந்தது. இரயில் பாதைப் பக்கமிருந்து ஒரு நாய் குரைத்து நிறுத்தியது. பிறகு அவன் மெல்ல நிமிர்ந்து, மூட்டைக்கு மறுபக்கம் சுற்றி வந்து, பழக்கமில்லாதவன் மாதிரி தடுமாறி, இடது கன்னத்தைச் சாய்த்தான். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டான். இந்தத் தடவை அதிக நேரம் எடுக்கவில்லை.

"கோல்டன் பெஞ்ச்" என்றான். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். கீழே இருந்த தொலைபேசி எண்ணையும் படித்தான். படித்துவிட்டு நிமிராமலே கேட்டான். "எப்ப மாத்துனானுங்க?"

"ஆகஸ்ட்ல."

"ஓ."

மேடை விளிம்பில் உட்கார்ந்தோம். அவன் முட்டியை இரண்டு கையாலும் பிடித்து மடக்கித்தான் உட்கார வேண்டியிருந்தது. பனிக்காலத்தின் கடைசியில் தொடங்கியதாம். வலது கண்ணின் நடுவில் காப்பிக் கறை மாதிரி ஒன்று. எதை நேராகப் பார்த்தாலும் அந்தக் கறை போய் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் உள்ளதெல்லாம் தெரியும். பில்லிங்ஸ் நகரத்தில் டாக்டர் மாதம் ஒரு தடவை கண்ணுக்குள் ஊசி போடுகிறாராம். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று சொல்லிவிட்டாராம். இடது கண்ணுக்கும் வரலாம், வராமலும் இருக்கலாம்.

"அப்புறம் எதுக்குய்யா என் கண்ணாடியக் குத்தம் சொன்னே? ரெண்டு மாசம் கம்பெனிக்காரன வைஞ்சிட்டிருந்தேன்."

"ஸ்கோப்புக் கோளாறா இருந்தா மாத்திடலாமேன்னு பாத்தேன்" என்றான்.

எதிரே கோபுரத்தின் நிழல் வயலில் நீண்டுகொண்டே போயிற்று. அதைப் பார்த்தபடி அவன், "இனேஸ்கிட்ட சொல்லிடாதே" என்றான்.

"வண்டிய ஓட்டிட்டு வந்ததே அவதானேய்யா."

"ஊசி போடறது தெரியும். கிடாவைத் தேடிப் போறதுக்கு அந்தக் கண்ணைத்தான் நம்பியிருந்தேன்னு தெரியாது."

முந்நூற்று இருபது டாலர் ஸ்கோப்பையே வாங்கிக்கொண்டான். அன்றைக்கே நான் அதை அவன் துப்பாக்கியில் இடது கண்ணுக்கு ஏற்றபடி மாட்டிக் கொடுத்தேன். துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றுவது சொல்வதற்கு எளிது. ஐம்பத்தைந்து வருடம் வலது தோளில் வைத்த உடம்புக்கு அது வேறொருவன் செருப்பைப் போட்டுக்கொள்வது மாதிரி. விசைக்கு எந்த விரல் என்று அவனுடைய கைக்கே தெரியவில்லை. குண்டு நுழைக்கும் கைப்பிடி வலப்பக்கம் இருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கியைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டும். சாலைத்துறையின் பழைய ஜல்லிக் குழியில் ஞாயிறு தவறாமல் பயிற்சி செய்தோம். இனேஸ் வண்டியில் உட்கார்ந்து, குறிக்காக நட்டிருந்த இரும்புத் தட்டில் குண்டு பட்டால் ஒரு தடவை ஹாரன் அடிப்பாள். முதல் ஞாயிறு ஹாரன் சத்தமே கேட்கவில்லை. "தூங்கிட்டியா?" என்று டெல்மர் கத்தினான். "நீ எழுப்புனா எந்திரிக்கிறேன்" என்றாள் அவள்.

மூன்றாவது ஞாயிறு இருநூறு கஜத்தில் ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழுந்தது. முந்நூறில் ஐந்துக்கு இரண்டு. நானூறில் ஒன்றுமில்லை. டெல்மர் துப்பாக்கியைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். "அப்ப இருநூறுதான்" என்றான். அறுநூறு கஜத்துக்குக் கேட்டு வந்தவன் வாயால் அதைச் சொன்னான். இருநூறு என்றால் பள்ளத்தில் இறங்க வேண்டும், ஏற வேண்டும், ஊர்ந்து போக வேண்டும். அந்த முட்டியோடு.

அக்டோபர் பதினாறாம் தேதி கிடா கிடைத்தது. எங்களுக்குக் கண்ணில் கிடைத்தது என்று சொல்கிறேன். மூன்று நாள் அலைந்தபிறகு, காலை பத்து மணிக்கு, எதிர் மேட்டின் கீழ்ச்சரிவில் வெயில் காய்ந்துகொண்டு படுத்திருந்தது. முக்காலியில் வைத்திருந்த என் பெரிய தூரக்கண்ணாடியில் பார்த்தேன். கொம்பு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, நுனி தேய்ந்து, அடி என் தொடை பருமன் இருந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு கிடாவை நான் பார்த்ததில்லை, இனியும் பார்க்கப்போவதில்லை. தூரம் அளந்தேன். நானூற்றுப் பத்து கஜம்.

"எவ்வளவு?" என்றான் டெல்மர்.

சொன்னேன். அவன் படுத்தபடி இடது கண்ணால் ஸ்கோப்பில் அதைப் பார்த்தான். விரல் விசைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. பார்த்து முடித்து, விசைப் பூட்டைப் போட்டுவிட்டு, பையிலிருந்து முட்டிக்குக் கட்டும் ரப்பர் உறையை எடுத்தான். இரண்டு முட்டியிலும் மாட்டினான்.

வேட்டையில் ஒருவருக்கொருவர் ரேடியோவிலோ போனிலோ பேசிக்கொள்வது இங்கே குற்றம். அதனால் ஒருவன் உயரத்தில் உட்கார்ந்து தொப்பியால்தான் சைகை காட்ட வேண்டும். எங்கள் சைகை முப்பது வருடப் பழசு. தொப்பி என் முட்டிமேல் இருந்தால் கிடா படுத்திருக்கிறது, நீ நகரலாம். தலைக்குமேல் தூக்கிப் பிடித்தால் எழுந்துவிட்டது, அப்படியே கிட. புரிந்துவிட்டது என்றால் அவன் ஒரு காலைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

"தொப்பி தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஆரஞ்சுக் கலர்தானே, தெரியும்" என்றான். "தெரியலைன்னா இன்னும் கொஞ்சம் உயரமாப் பிடி."

போய்விட்டான். பள்ளத்தில் பக்கவாட்டில் இறங்கினான், மாடிப்படி இறங்குகிற மாதிரி. அரை மணி நேரம் கண்ணுக்கே தெரியவில்லை. பிறகு கிடாவுக்குக் கீழே ஒரு களிமண் மடிப்பில் முதலில் வேட்டைச் சட்டப்படி அவன் போட்டிருந்த ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது, அப்புறம் பூட்ஸின் அடிப்பாகம். ஊர்ந்துகொண்டிருந்தான். பத்தடி ஊர்வான், நெற்றியை மண்ணில் வைத்துக் கிடப்பான், மறுபடி ஊர்வான். மடிப்பின் விளிம்புக்கு இன்னும் முப்பது கஜம் இருக்கும். விளிம்புக்குப் போய்விட்டால் கிடாவுக்கு இருநூறுகூட இல்லை. தொப்பியை முட்டிமேல் வைத்துக்கொண்டு நான் கிடாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று எங்களுக்குச் சாதகமாகத்தான் இருந்தது.

எதனால் என்று தெரியாது, கிடா எழுந்து நின்றது. தலையைத் திருப்பி, சரியாக டெல்மர் இருந்த மடிப்பைப் பார்த்தது. அவன் இப்போது ஒரு கை நீட்டினாலும் போச்சு. நான் தொப்பியைத் தலைக்குமேல் தூக்கினேன்.

அவன் ஒவ்வொரு பத்தடிக்கும் திரும்பிப் பார்ப்பது வழக்கம். எப்போதும் வலது தோளுக்கு மேலாகத் திரும்புவான். இந்தத் தடவை பாதி திரும்பி, நிறுத்தி, தலையை அந்தப் பக்கமிருந்து எடுத்து, மண்ணை ஒட்டியே மெதுவாக இடது தோளுக்குக் கொண்டுவந்தான். தூரக்கண்ணாடியை அவன்மேல் திருப்பி அறுபது மடங்கு வைத்தேன். கன்னத்தில் சாம்பல் நிறக் களிமண் ஒட்டியிருந்தது. இடது கண் திறந்து என் பக்கம் பார்த்தது. சுருங்கியது, விரிந்தது, என்னைத் தாண்டி எங்கோ போய்விட்டு மறுபடி வந்தது. புரிந்தது என்று காட்ட வேண்டிய கால் எழவில்லை. நான் எழுந்து நின்று கையை இன்னும் உயரத்துக்கு நீட்டினேன். கிடா அங்கேயே நிற்கிறதா, மேட்டைத் தாண்டிப் போய்விட்டதா என்று பார்க்க வேண்டுமானால் முக்காலியை ஒரு விரலால் தள்ளினால் போதும். நான் தள்ளவில்லை. ஒரு கையால் தொப்பியைப் பிடித்தபடி, குனிந்து, அந்த ஒரு கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.